கணினியைச் சுத்தம் செய்வதாக வந்து குடியேறும் போலிச் சரக்கு

மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு தம்ளர் தண்ணீர் போதும். மிளகு அடியில் தங்கும், விதை மேலே மிதக்கும். சரக்கு வாங்கி விற்பதில் ஊறிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கடைக் கணினிக்குள் வரும் கலப்படத்தை அடையாளம் காண்பதில் நம்மில் பலர் இன்னும் தடுமாறுகிறோம். மாதக் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுவாக இருப்பதால், நமக்குத் தெரிந்ததையும், தெரிந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

தாம்பரத்துக்காரர்களுக்கு ஜிஎஸ்டி என்றால் வெகுகாலம் கடை வாசலில் ஓடும் சாலைதான். 2017 ஜூலை 1 முதல் அது வரியின் பெயரும் ஆயிற்று. அதோடு கணினியும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. சண்முகம் சாலையானாலும் முடிச்சூர் சாலையானாலும், சேலையூர், மேடவாக்கம் பக்கமானாலும் நிலைமை ஒன்றுதான். பில், டாலி கணக்கு, மாத ரிட்டர்ன், இ-வே பில், வங்கிப் பரிமாற்றம், யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற விவரம், எல்லாம் ஒரே பெட்டிக்குள். அதே பெட்டியில்தான் கடைப் பையன் மத்தியானம் சினிமாப் பாட்டும் இறக்குகிறான். பேரேடு ஒரு அலமாரியில், பணம் வேறொரு பெட்டியில் என்று நம் பெரியவர்கள் பிரித்து வைத்தார்கள். நாம் இரண்டையும் ஒன்றாக்கி, சாவியையும் அதன்மேலேயே வைத்திருக்கிறோம்.

இந்தப் போலி எப்படி வரும்? வேலை செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகும். "உங்கள் கணினியில் 347 பிழைகள், 12 வைரஸ்கள்" என்று ஒரு கணக்கு ஓடும். மணி அடிக்கும், சில சமயம் பெண் குரல் பேசும். கீழே இலவசமாகச் சுத்தம் செய்ய ஒரு பொத்தான் இருக்கும், அல்லது அழைக்க ஒரு தொலைபேசி எண் இருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு "கிளீனர்" வந்து உட்காரும். ஆராய்ச்சி இலவசம், சுத்தம் செய்வதற்குத்தான் காசு. நம் கடைக்குள் முன்பின் தெரியாத ஒருவன் நுழைந்து, அரிசி மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் "அத்தனையும் வண்டு" என்று வாடிக்கையாளர்கள் காதில் விழக் கத்திவிட்டு, வண்டு மருந்தை நம்மிடமே விற்பது போன்றது இது. வண்டும் இல்லை, மருந்தும் இல்லை. இதற்கு ஆங்கிலத்தில் ஸ்கேர்வேர் என்று பெயர். பயமுறுத்திப் பணம் பறிக்கும் மென்பொருள் என்று கொள்ளலாம். இதன் பங்காளி ஆட்வேர். அது பயமுறுத்தாது. நாம் திறக்கும் பக்கங்களில் எல்லாம் விளம்பரத்தை ஒட்டும், தேடும் இடத்தை மாற்றும், நாம் எங்கே போகிறோம் என்று குறித்து வைத்து விற்கும்.

சேலையூர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவருக்கு 3பி ரிட்டர்ன் போடவேண்டிய 20ஆம் தேதி சாயங்காலம் இப்படி ஒரு திரை வந்தது. கடைசி நாள் அவசரத்தில் அதிலிருந்த எண்ணை அழைத்தார். எதிர்முனையில் பேசியவர் மரியாதையாக "சார், சார்" என்று, ஒரு தொலை இயக்கச் செயலியை இறக்கச் சொல்லி, கணினியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு ஈவென்ட் வியூவர் என்ற பக்கத்தைத் திறந்து, வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டி "பார்த்தீர்களா, எல்லாம் போய்விட்டது" என்றார். அந்தப் பக்கம் விண்டோஸ் தனக்காக எழுதிவைக்கும் நாட்குறிப்பு. நேற்று வாங்கிய புதுக் கணினியிலும் அதில் சிவப்புக் குறிகள் இருக்கும். நல்லவேளையாக அவருடைய மகள் அங்கே வந்து இணையக் கம்பியைப் பிடுங்கினாள். பணம் போகவில்லை. ரிட்டர்ன் மறுநாள் தாமதக் கட்டணத்தோடு போயிற்று.

இந்தத் தொழிலுக்கு நல்ல வயதாகிறது. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. வின்ஃபிக்ஸர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்ட்டிவைரஸ் என்று பல பெயர்களில் ஒரே போலியை 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விற்றதாகக் குற்றச்சாட்டு. இவர்கள் விளம்பரம் பிடித்த விதத்தை வணிகர்கள் கவனிக்க வேண்டும். நல்ல பெயருள்ள நிறுவனங்களுக்காக விளம்பரம் போடுவதாகச் சொல்லி இடம் வாங்கி, அந்த இடத்தில் போலி எச்சரிக்கையை ஓடவிட்டார்கள். ஆகவே "நான் நல்ல பக்கத்தில்தானே இருந்தேன்" என்று சொல்வதில் பொருளில்லை. 2012-ல் நீதிமன்றம் இந்த வழக்கில் 16.3 கோடி டாலர் செலுத்தும்படி தீர்ப்பளித்தது.

அடுத்த வழக்கு நம் போன்ற கடைக்காரர்களைப் பற்றியது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஃபீஸ் டெப்போ என்பது அமெரிக்காவில் காகிதம், மேசை, கணினி விற்கும் பெரிய கடைத்தொடர். அங்கே கணினியைக் கொண்டுபோனால் இலவசமாக "உடல்நலப் பரிசோதனை" செய்து தருவார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்விகள் கேட்பார்கள். கணினி மெதுவாக ஓடுகிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா, விளம்பரங்கள் குதிக்கின்றனவா என்ற வகையில். இதில் எந்த ஒன்றுக்கு "ஆம்" என்று குறித்தாலும், பரிசோதனையின் முடிவில் கிருமி இருப்பதாகவோ அதற்கான அறிகுறி இருப்பதாகவோ வந்துவிடும். முடிவைத் தீர்மானித்தது அந்தக் குறிதான், உள்ளே நடந்த சோதனை அல்ல. அதைக் காட்டிப் பழுதுநீக்கும் சேவையை விற்றார்கள். 2019 மார்ச்சில் இந்தக் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள அந்தக் கடை 2.5 கோடி டாலரும், மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்டின. வாடிக்கையாளர் தராசைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டின் அடியில் புளியை ஒட்டிய கதைதான் இது. பெரிய பெயர்ப்பலகை இருந்தால் சரக்கு சுத்தம் என்று எண்ணுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இது பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சிலும் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு சைப்ரஸ் நிறுவனங்கள், விண்டோஸ் எச்சரிக்கை போன்ற போலித் திரைகளைக் காட்டிக் கணினிப் பழுதுநீக்கும் மென்பொருள் விற்ற புகாரைத் தீர்க்க 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 2017 ஜூனில் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஃபயர்பால் என்ற ஆட்வேரைப் பற்றி அறிவித்தது. பெய்ஜிங்கைச் சேர்ந்த விளம்பர நிறுவனம் ஒன்றின் கைவரிசை அது. வேறு இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்து, உலாவியின் முதல் பக்கத்தைத் தன்னுடைய போலித் தேடுபக்கமாக மாற்றியது. உலகம் முழுவதும் 25 கோடி கணினிகள், அதில் இந்தியாவில் மட்டும் 2.53 கோடி, எல்லா நாடுகளையும்விட அதிகம் என்பது செக் பாயின்டின் கணக்கு. இந்த எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. பாதியாகவே இருக்கட்டும், கொஞ்சமா? மறுபக்கம், வெளிநாட்டாரை ஏமாற்றும் அழைப்புக் கூடங்களும் நம் நாட்டில்தான் பெருகின. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை "ஆபரேஷன் சக்ரா-2" என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியது.

நம் கடைகளுக்குள் இந்தச் சரக்கு நுழையும் வாசல்கள் சிலவே. பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டரை மாற்றுவோம். அதற்கான டிரைவரை இணையத்தில் தேடுவோம். தயாரித்தவருடைய பக்கம் எங்கோ கீழே இருக்கும், மேலே "டவுன்லோட்" என்று பெரிய பச்சைப் பொத்தானோடு வேறொருவர் கடை விரித்திருப்பார். தமிழ் எழுத்துரு, பிடிஎஃப் மாற்றும் மென்பொருள், பாட்டு, எல்லாவற்றிலும் இதே கதைதான். பூட்டு உடைத்த டாலியும் பூட்டு உடைத்த விண்டோஸும் இதைவிட மோசம். திருட்டுப் பொருளை விற்பவன் அதில் தன் பங்குக்கு எதையும் சேர்க்கமாட்டான் என்று எதிர்பார்ப்பதே தவறு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ ரிச்சி தெருவிலோ பழைய கணினி வாங்கினால், ஏற்கெனவே உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிட்டு உரிமமுள்ள விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகுதான் கணக்கை ஏற்ற வேண்டும்.

இன்னொரு வாசல் பலருக்குத் தெரியாது. ஏதோ ஒரு பக்கத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் பொத்தானை அழுத்துங்கள்" என்று வரும். நாம் அழுத்துவோம். உண்மையில் நாம் கொடுத்தது, அந்தப் பக்கம் எந்த நேரமும் நம் திரையின் மூலையில் அறிவிப்பு போடலாம் என்ற அனுமதி. மறுநாளிலிருந்து "வைரஸ் வந்துவிட்டது" என்று மூலையில் சீட்டு விழத் தொடங்கும். நாம் பார்த்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் நோய் இவ்வளவுதான். கணினிக்குள் எதுவுமே நுழைந்திருக்காது. அனுமதியைத் திரும்பப் பெற்றால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இதற்கு ஆயிரம் ரூபாய் வாங்குகிற ஆட்களும் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

இனி நீக்கும் முறை. சிவப்புத் திரை வந்ததும் அதற்குள் எதையும் அழுத்தக்கூடாது. மூடுவதற்கான பெருக்கல் குறியே போலியாக இருக்கலாம். விசைப்பலகையில் ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். போகாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை முடித்துவிடுங்கள். மறுபடி உலாவியைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தொலைபேசி எண் இருக்கும் எச்சரிக்கை எதுவாயினும் போலி. தங்கள் எச்சரிக்கைகளில் எண் இருக்கவே இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

அடுத்து, டாலியின் தரவுக் கோப்புறையை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். கணக்கை மட்டும்தான், மென்பொருள்களை அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் கணினியோடு மூழ்கிய பாக்கிக் கணக்குகளை எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பென்டிரைவின் விலை தெரியும்.

பிறகு உலாவி. குரோம் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற பக்கங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் அனைத்தையும் நீக்குங்கள். அடுத்து எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியல். "கூப்பன்", "சர்ச்", "பிடிஎஃப் ஹெல்பர்" என்று நீங்கள் போடாத எதுவும் அங்கே இருக்க வேண்டியதில்லை. தேடுபொறியும் முதல் பக்கமும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நீக்கியும் திரும்ப வந்தால், திரையிலுள்ள உலாவிப் படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ் திறந்து, டார்கெட் என்ற வரியைப் படியுங்கள். "டாட் இஎக்ஸ்இ" என்பதற்குப் பின்னால் ஏதாவது இணைய முகவரி தொங்கினால் அதுதான் குற்றவாளி. அந்த வாலை அழித்துவிடலாம்.

அதன்பின் விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் எவை வந்தன என்பது கண்ணில் படும். டிரைவர் அப்டேட்டர், பிசி ஆப்டிமைசர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்ற பெயர்களைக் கண்டால் நீக்குங்கள். நீக்கும்போது அவை கெஞ்சும். "பாதி விலைக்குத் தருகிறோம்" என்று சொல்லும், "வேண்டும்" என்ற பொத்தானைப் பெரிதாகவும் "வேண்டாம்" என்பதை மங்கலாகவும் வைக்கும். நிதானமாகப் படித்து அழுத்துங்கள். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யவேண்டிய தேவை எந்த மளிகைக் கடைக் கணினிக்கும் இல்லை என்பது நம் துணிபு. குப்பைக் கோப்புகளை அகற்ற விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் பகுதி இருக்கிறது, அது போதும். பெயர்பெற்ற கிளீனர்களும் இடர் இல்லாதவை அல்ல. உலகப் புகழ் பெற்ற சிசிகிளீனரின் ஒரு பதிப்பிலேயே 2017-ல் திருடர்கள் தங்கள் சரக்கைக் கலந்துவிட்டார்கள். சுமார் 22.7 லட்சம் பேரின் கணினிகளில் அந்தப் பதிப்பு ஏறியிருந்தது.

கையால் களைந்த பிறகு சல்லடை போட வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து முழு ஆய்வு ஒன்று, அதற்குப் பின் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று. இரண்டாவது, விண்டோஸ் எழும்பும் முன்பே வேலை செய்வதால் ஒளிந்திருப்பவை சிக்கும். சுமார் கால் மணி நேரம் ஆகும், திறந்திருக்கும் பில்லை முதலில் சேமித்துவிடுங்கள். அங்கேயே தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் விசை ஒன்று உண்டு, அதையும் போட்டுவையுங்கள். பயமுறுத்திக் காசு கேட்கும் கிளீனர்களைத் தேவையற்றவை என்று கருதி நீக்குவதாக மைக்ரோசாஃப்ட் 2018 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியது. ஆட்வேருக்கென்றே மால்வேர்பைட்ஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் ஆட்வ்கிளீனரையும் ஒருமுறை ஓட்டலாம். அதை அந்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், அதற்கே போலிகள் இருக்கின்றன.

காசு கொடுத்து ஆன்ட்டிவைரஸ் வாங்க நினைப்பவர்கள் வெகுதூரம் தேட வேண்டாம். சோழிங்கநல்லூரில் இருக்கும் கே7 நிறுவனம் 1991-ல் தொடங்கியது, நம் ஊர்க்காரர்கள். எதை வாங்கினாலும் ஒன்று போதும். ஒரே கடைக்கு இரண்டு காவலாளி வைத்தால் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு கதவைத் திறந்து விட்டுவிடுவார்கள். மத்திய அரசும் 2017 பிப்ரவரியில் சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்ற பெயரில் ஒரு துப்புரவு மையம் தொடங்கி, இலவசக் கருவிகளைத் தன் இணையப் பக்கத்தில் வைத்தது. சுருக்கப் பெயர் சிஎஸ்கே. சேப்பாக்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புதிதாக ஏதாவது இறக்கினால் ஓட்டும் முன் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் மேல் வலது பொத்தான், பிராப்பர்ட்டீஸ், அதில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். தயாரித்தவர் பெயர் அங்கே இருக்கும். இது நம் எடைக்கல்லில் இருக்கும் முத்திரை போன்றது. முத்திரையே இல்லாத கல்லை வைத்து யாரும் நிறுக்கமாட்டோம். ஆனால் முத்திரை இருப்பதாலேயே கடைக்காரர் யோக்கியர் என்றும் ஆகாது. அது யார் சரக்கு என்று மட்டும் சொல்லும். பெயர் தெரியாத பெயராக இருந்தால் ஓட்டாதீர்கள்.

யாராவது தொலைவிலிருந்து உங்கள் கணினியைத் தொட்டிருந்தால், அந்தத் தொலை இயக்கச் செயலியை நீக்கிவிட்டு, வேறொரு சுத்தமான கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ கடவுச்சொற்களை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு ஜிஎஸ்டி. மின்னஞ்சலை முதலில் சொல்வதற்குக் காரணம், மற்ற இரண்டின் கடவுச்சொல்லையும் அதை வைத்தே மாற்றிவிட முடியும் என்பதுதான். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரமில்லை. உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் அடுத்த கணக்கிலிருந்து கைமாறும் முன் சொன்னால் நிறுத்திவைக்க வழியுண்டு. எழுத்துப் புகாரை தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பதியலாம், 2022 ஜனவரி முதல் நமக்கென்று இயங்கும் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்திலும் கொடுக்கலாம்.

இவ்வளவு செய்தும் தொல்லை தொடர்ந்தால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதே வழி. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் அப்படிப் போடும்போது அதையே மறுபடி போடக்கூடாது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்து, பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு என்று அறிவித்தார்கள். அழிக்கும் முன் டாலியின் உரிமத்தை அதன் உள்ளேயே இருக்கும் சரண்டர் வசதி மூலம் திருப்பி ஒப்படைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி ஏற்றும்போது அலைய நேரும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், பில் பிரிண்டரின் டிரைவர், இரண்டும் எந்த நிறுவனத்துடையவை என்று ஒரு தாளில் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை மாதத்தின் 11, 20 தேதிகளுக்கு நெருக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் 25-க்கு மேல் வைத்துக்கொள்வது உத்தமம்.